கணினிக்கு ஒரு செம்பு

எங்கள் வீட்டில் மனிதர்கள் குளிப்பதற்கே தண்ணீர் பற்றாது. இந்த லட்சணத்தில் நான் தண்ணீர் ஓடும் கணினி ஒன்றைக் கட்டப்போகிறேன் என்கிற செய்தி எப்படியோ எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற இந்தப் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. மீன் வாங்கப் போனால், "மேடம், பானிவாலா கம்ப்யூட்டர் பன் கயா?", தண்ணீர்க் கணினி தயாராகிவிட்டதா என்று தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே விசாரிக்கிறார் மீன்காரர். பக்கத்து வீட்டு பானு ஒருபடி மேலே போய், "தண்ணியும் கரண்டும் ஏக் சாத் வச்சா ஷாக் அடிக்கும் நா சுகுணா? டேஞ்சர் ஹை!" என்று மூன்று மொழியில் பயமுறுத்துகிறாள். தண்ணீர் குழாய்க்குள் ஓடும், கரண்டு வெளியே இருக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாது என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. யாரும் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

என் வேலை, இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் கணினியில் படமாக்கிக் காட்டுவது. வாசலில் நுழைந்து, லிஃப்டில் ஏறி, பால்கனியில் நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி படம் ஓடும். அந்தப் படத்தை உருவாக்க ஒரு கணினி மணிக்கணக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. கடல் காற்றில் எப்போதும் ஒரு புழுக்கம். என் பழைய கணினி பாதிப் படத்தில் சூடேறி, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். ஏசி போடலாம் என்றால், எங்கள் தெருவுக்கு வருகிற மின்சாரத்தில் மிக்ஸியே முக்கி முனகித்தான் ஓடுகிறது. சென்னையில் இருக்கும் என் தம்பி குணாதான், "அக்கா, தண்ணியில குளிர வைக்கிற மாதிரி கட்டிடு, எத்தனை மணி நேரம்னாலும் ஓடும்" என்று இந்த வினையை ஆரம்பித்து வைத்தான்.

வினை என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்யாணமான பிறகும் இரண்டு வருடம் நான் சென்னையில், வேளச்சேரியில் ஒரு விடுதி அறையில் இருந்தேன். என் கணவர் முத்துகிருஷ்ணனுக்கு இங்கே துறைமுக அலுவலகத்தில் வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை விமானத்தில் வந்து பார்த்துவிட்டு, திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டே போவேன். போன வருடம் துணிந்து இங்கேயே வந்துவிட்டேன். ஆனால் அனுப்ப வேண்டிய இரண்டு படங்கள் இந்தச் சூட்டில் பாழாகிவிட்டன. கம்பெனியில் எனக்கு மேலே இருக்கும் ராஜகுமாரி மேடம் பொறுமைசாலி, ஆனால் அவருக்கும் ஓர் எல்லை உண்டு. "திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கிளையண்ட் மீட்டிங். படம் வந்துட்டா நீ அங்கேருந்தே வேலை பாரு. வரலைன்னா, சாரி சுகுணா, இங்கே உன் சீட் காலியாத்தான் இருக்கு. வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டார். வேலையை விட எனக்கு மனமில்லை. இந்த மனுஷனை விட்டுவிட்டு மறுபடியும் போகவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கணினி.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார் அன்னம்மாள். முதுகுளத்தூர்ப் பக்கம் தண்ணீருக்கு அலைந்து வளர்ந்தவர். கல்யாணமாகிக் கப்பலேறி இங்கே வந்தால், சுற்றிலும் கடல், குழாயில் காற்று. கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் நாலு நாளுக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். எப்போது வரும் என்று அதற்கும் தெரியாது, திறந்துவிடுகிறவருக்கும் தெரியாது. குழாய்க்குள் காற்று உறுமுகிற சத்தம் அத்தைக்குத்தான் முதலில் கேட்கும். அவர் எழுந்து நிற்பார், தெருக்கோடியில் யாராவது "பானி ஆகயா!", தண்ணீர் வந்துவிட்டது என்று கத்துவார்கள், அவ்வளவுதான், வீட்டில் வாய் திறந்திருக்கும் எந்தப் பாத்திரமும் தப்பாது. டிரம், குடம், அண்டா, குக்கர், டிபன் டப்பா வரை நிரம்பிவிடும். ஒருமுறை என் காப்பித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதிலும் தண்ணீர் நின்றது.

அவருக்கு என் கணினியைப் பிடிக்கவில்லை, என்னையும் பெரிதாகப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு சண்டையாவது நடக்கும். நான் பாத்திரம் கழுவத் தண்ணீரை அதிகம் செலவழிக்கிறேன் என்பது நிரந்தரப் புகார்.

பாகங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் தலைவலி வரும். ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியதிலிருந்து பாதி இணையதளங்கள் எங்கள் முகவரியைப் பார்த்து, அப்படி ஓர் ஊரே இல்லை என்கின்றன. பழைய பெயரைப் போட்டால், பின்கோடு பொருந்தவில்லை என்கின்றன. கணினிப் பெட்டி ஒரு கப்பலில் வந்தது. ரேடியேட்டரும் பம்பும் இன்னொரு கப்பலில் வந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமான கிராபிக்ஸ் கார்டை, மெயின்லேண்டுக்கு லீவில் போன என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் கொண்டுவந்தார். வராமல் நின்றது கூலண்ட் பாட்டில் மட்டும்தான். குழாய்க்குள் ஓட வேண்டிய அந்தத் திரவத்தை விமானத்தில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். கப்பலில்தான் வர வேண்டும். கப்பலோ, புறப்படும் தேதியை மூன்று தடவை மாற்றிவிட்டது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டராவது கிடைக்குமா என்று அபர்டீன் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "ஜஹாஸ் ஆயேகா தோ மிலேகா", கப்பல் வந்தால் கிடைக்கும் என்றார்கள். அதுவும் அதே கப்பலில்தான் வருகிறதாம்.

சரி, கூலண்ட் வருவதற்குள் மற்றதையெல்லாம் பூட்டி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கிராபிக்ஸ் கார்டைக் காணவில்லை. பீரோ, பரண், கட்டிலடி என்று வீட்டையே புரட்டிப் போட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது அத்தை அரிசி டிரம்மைத் திறந்து, கையை முழங்கை வரை விட்டு, கார்டு இருந்த பெட்டியை வெளியே எடுத்தார்.

"கடக்காத்து பட்டா துரு ஏறிப்போகும்த்தா. அதான் அரிசிக்குள்ள வச்சேன்."

"சொல்லிட்டு வச்சிருக்கலாம்ல அத்தை?"

"நீ எங்க கேக்குற? காதுல எந்நேரமும் அந்த ஒயரு."

பெட்டியின் இடுக்குகளில் இருந்து அரிசியைப் பொறுக்கி எடுக்கவே அரைமணி நேரம் ஆனது. ஓர் அரிசி உள்ளே சிக்கியிருந்தாலும் என் கதி என்ன என்று நினைத்து நினைத்து, எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அடுத்தது அந்தப் புத்தம்புதிய கார்டைப் பிரிப்பது. அதன் மேல் கம்பெனி பொருத்தியிருக்கும் விசிறிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தண்ணீர் ஓடும் உலோகத் தகட்டை அங்கே உட்கார வைக்க வேண்டும். திருகு கொஞ்சம் அதிகமாக இறுகினால் உள்ளே இருக்கும் சில்லு விரிசல் விடும். குறைவாக இறுகினால் சூடாகிச் சாகும். நடுவில் எவ்வளவு என்று கேட்டால் குணா, "அது கைக்கே தெரியும்க்கா" என்கிறான். என் கைக்கு என்ன தெரியும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் மவுஸைப் பிடிப்பதுதான். அத்தை நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏத்தா, புதுசா வாங்கியாந்ததை எதுக்கு இப்பிடிப் பிரிச்சுப் போடுற?"

"அப்படித்தான் அத்தை."

"நல்லாத்தான இருந்துச்சு?"

"அத்தை, ப்ளீஸ்."

உடம்பில் இருக்கும் மின்சாரம் பாகங்களைச் சுட்டுவிடும், மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி இரும்போடு இணைத்துக்கொள் என்றது நான் செய்முறை பார்த்துக்கொண்டிருந்த வீடியோ. என் கணவர் அதை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். கம்பியில் இருந்த துரு முழுக்க என் கையில் ஒட்டியது. இந்த ஈரக் காற்றில் உடம்பில் மின்சாரம் எங்கே சேரும்? வேர்வைதான் சேரும். மூக்கு நுனியில் தொங்கிய ஒரு சொட்டு வேர்வை மதர்போர்டு மேல் விழப்போன நொடியில், தலையைப் பின்னால் இழுத்துச் சுவரில் நங்கென்று இடித்துக்கொண்டேன். "ஆயிடும் சுகுணா" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதையும் நெருக்கடியில் அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கப்பல் தாமதமா, ஆயிடும். கேஸ் தீர்ந்ததா, ஆயிடும்.

ரேடியேட்டருக்கு இரண்டு அளவில் திருகுகள் வந்திருந்தன. நீளமானதைத் தவறாகப் போட்டால் அது தகட்டைத் துளைத்துக்கொண்டு போய்விடும், பிறகு தூக்கி எறிய வேண்டியதுதான். ஒவ்வொன்றாக அளந்து வரிசையாகத் தரையில் அடுக்கியிருந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் தரை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது. அத்தை பெருக்கிவிட்டார்! திருகுகள் எல்லாம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் கலந்து கிடந்தன. பெருக்கும்போது கிடைக்கும் ஊக்கு, பொத்தான், சைக்கிள் நட்டு எல்லாவற்றுக்கும் அந்த பாட்டில்தான் வீடு.

அன்றைக்குத்தான் உண்மையிலேயே கத்தினேன். "இந்த ரூம்ல யாரும் பெருக்க வேண்டாம், யாரும் எதையும் தொட வேண்டாம், என்கிட்ட எதுவும் கேக்கவும் வேண்டாம்!" என்றேன். அத்தை பதில் பேசாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பதில் பேசாமல் போவது அபூர்வம். நான் இருந்த அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குழாய்களை மாட்டினேன். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒரு சின்ன ரப்பர் வாஷர் உட்கார வேண்டும். நீர் கசியாமல் காப்பது அதுதான். கார்டுக்குப் போகும் இணைப்பைக் கையில் எடுத்தபோது பானு வாசலில் நின்று கப்பல் செய்தி கேட்டாள். எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து திருகினேன். எல்லாம் முடிந்தது. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே தெளிவான குழாய்கள், நின்றவாக்கில் ஓர் உருளைத் தொட்டி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றே, "சுகுணா, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

குணா போனில் இருந்தான். "பெறகு கேளுங்க அத்தை" என்று கையைக் காட்டினேன்.

குணாவோடு நடந்தது சண்டை. கூலண்டை ஊற்றிய பிறகு மற்ற எதற்கும் கரண்டு கொடுக்காமல், பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றான்.

"நாள் எங்கடா இருக்கு? நாளைக்கு மத்தியானம்தான் கப்பல். படம் முழுசா வெளிய வர இருபது மணி நேரம் ஆகும். நீ சொல்ற மாதிரி பாத்தா திங்கட்கிழமை மத்தியானம்தான் முடியும்."

"டெஸ்ட் பண்ணாம ஆன் பண்ணாதக்கா. ஒரு சொட்டு விழுந்தாலும் கார்டு போயிடும்."

"ஊத்தின உடனே ஆன் பண்ணத்தான் போறேன். வேற வழி இல்ல. தண்ணி வந்து சேரலைன்னா நான் பொட்டியக் கட்டிக்கிட்டு சென்னைக்கு வந்துர வேண்டியதுதான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அத்தை அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே நானும் என் கணவரும் ஹேடோ துறைமுகத்துக்குப் போய்விட்டோம். வந்ததும் ஊற்றிவிடலாம் என்று தொட்டியின் மூடியைக் கழற்றி, தூசி விழாமல் ஒரு டிஷ்யூவை மேலே போட்டுவிட்டுக் கிளம்பினேன். கப்பலின் சமையல்கட்டில் வேலை பார்க்கும் ராக்கப்பன் அண்ணனிடம்தான் குணா பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருந்தான். கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கரைக்கு வரவில்லை. வேறொரு கப்பல் இடத்தைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நின்றது. வெயில் ஏறியது. என் கணவர் வீட்டுக்குப் போன் போட்டு, "கப்பல் வெளியவே நிக்குதும்மா. இன்னைக்கு உள்ள விடமாட்டாங்க போல. நீ சாப்பிட்டுரு" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. "ஆயிடும்" என்றார். என் கையில் எதுவும் இல்லாததால் தப்பித்தார்.

ஆனால் ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் உள்ளே வந்தது. ராக்கப்பன் அண்ணன் பாட்டிலைக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டோவில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து அறைக் கதவைத் திறந்தால், தொட்டி நிறைந்திருந்தது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர். பக்கத்தில் ஒரு செம்பு, மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழைய புனல், மடித்து வைத்த ஈரத் துண்டு.

கையிலிருந்த பாட்டிலைக் கட்டில் மேல் போட்டேன்.

"அத்தை!"

அடுப்படியிலிருந்து வந்தார்.

"என்ன அத்தை பண்ணி வச்சிருக்கீங்க? காலியா ஒரு ஓட்டையைக் கண்டா அதுல தண்ணி ஊத்தாம உங்களால இருக்க முடியாதா? இது குடமா, அண்டாவா? இதுல சாதாரணத் தண்ணி ஊத்தக்கூடாது. உள்ள உப்புப் படியும், பாசி பிடிக்கும். இப்ப எல்லாத்தையும் வடிச்சு, கழுவி, நான் எப்ப முடிக்கிறது? சந்தோஷமா இப்ப? நான் போயிடறேன். நீங்க ஆசைப்பட்ட மாதிரியே சென்னைக்குப் போயிடறேன். நிம்மதியா இருங்க!"

"சுகுணா" என்றார் என் கணவர்.

"நீங்க பேசாதீங்க!"

அத்தை முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"கப்பல் வராதுன்னு இவன் போன்ல சொன்னான். தண்ணி வரலைன்னா நீ போயிருவேன்னு நேத்து உன் தம்பிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்த. அதான் ஊத்துனேன். போயிரக்கூடாதுன்னுதான்த்தா ஊத்துனேன்."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. குழாயில் தண்ணீர் வந்து நாலு நாளாகிறது. இன்றும் வரவில்லை. வந்திருந்தால் வாசலெல்லாம் ஈரமாக இருந்திருக்கும்.

"இது ஏது தண்ணி?"

"குடிக்கிற பானைத் தண்ணிதான். காய்ச்சி ஆற வச்சு, வேட்டித் துணியில ரெண்டு தடவ வடிகட்டித்தான் ஊத்துனேன். ஒரு சொட்டு வெளிய சிந்தல. வேணும்னா பாரு."

பானையைப் போய்ப் பார்த்தேன். அடியில் இரண்டு தம்ளர் கிடந்தது. பாத்திரம் கழுவ ஒரு செம்பு அதிகம் எடுத்தால் என்னோடு சண்டைக்கு வருகிறவர், குடிக்க வைத்திருந்ததை எடுத்து, தனக்குப் பிடிக்காத இந்த மெஷினுக்கு ஊற்றியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு எரிச்சலும் வந்தது, ஏனென்றால் பாசம் எத்தனை இருந்தாலும் அந்தத் தண்ணீரை வடித்துத்தான் ஆக வேண்டும்.

தரையில் உட்கார்ந்தேன். வடிக்கும் முன்னால், பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கார்டின் மேல் ஒரு சொட்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருண்டு, கார்டின் ஓரத்திலிருந்து கீழே விழுந்தது. இணைப்பின் அடியில் இன்னொரு சொட்டு மெல்லத் திரண்டது. கார்டின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கீழே சின்னதாக ஒரு குட்டை.

"நான் சிந்தல" என்றார் அத்தை என் தோளுக்குப் பின்னாலிருந்து.

அவர் சிந்தவில்லை. கார்டுக்குப் போகும் இணைப்பு கசிகிறது. மத்தியானத்திலிருந்து கசிந்திருக்கிறது. கரண்டு இல்லாததால் கார்டு வெறுமனே நனைந்து உட்கார்ந்திருக்கிறது. கப்பல் நேரத்துக்கு வந்திருந்தால், நான் கூலண்டை ஊற்றிய கையோடு சுவிட்சைத் தட்டியிருப்பேன். இரண்டாவது சொட்டு விழும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு அந்த இணைப்பைக் கழற்றினேன். அடியில் வாஷர் இல்லை. பானு கூப்பிட்டபோது கையிலிருந்து விழுந்திருக்கிறது. நான் கவனிக்காமலே திருகியிருக்கிறேன். தரையில் தவழ்ந்து கட்டிலடி, பீரோவடி எல்லாம் தேடினேன்.

அத்தை அடுப்படிக்குப் போனார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, அதைக் கவிழ்த்து விரலால் கிளறினார். ஊக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இதானாத்தா? நேத்து நிலைப்படிகிட்ட கெடந்துச்சு. குக்கருது மாதிரியும் இல்ல, டேப்பு வாஷரு மாதிரியும் இல்ல. உன்னயக் கேக்கலாம்னுதான் வந்தேன். பெறகு கேளுங்கன்ட."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாஷரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "தப்பு என் மேலதான் அத்தை. நீங்க நான் போகணும்னு நினைக்கிறீங்கன்னே நினைச்சுட்டேன்" என்றேன்.

"போகணும்னு நான் எதுக்கு நெனைக்கிறேன்? நீ இல்லாத ரெண்டு வருசம் இந்த வீட்டுல சண்டை போடக்கூட ஒரு ஆளு இல்ல. இவன்கிட்ட என்னத்தப் பேச? எதச் சொன்னாலும் ஆயிடும்பான்."

என் கணவர் கூரையைப் பார்த்தார்.

குணாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முதலில் ஐந்து நிமிடம் சிரித்தான். பிறகு, "அக்கா, மத்தியானத்துலேருந்து தண்ணி நின்னிருக்கு. கீழ இருக்கிற மத்த ஜாயிண்ட் எதுவும் கசியலையே? அப்ப உனக்குப் பாதி டெஸ்ட் முடிஞ்சுது. வாஷரைப் போட்டு, கூலண்ட ஊத்தி, பம்பை மட்டும் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓட விடு. அதுக்குள்ள கார்டும் காஞ்சிடும்" என்றான். மத்தியானம் தொடங்கினால் திங்கட்கிழமை காலைக்குள் படம் முடியும். ஒரு செம்புத் தண்ணீர் எனக்கு அரைநாளைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது.

கார்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஃபேனைத் திருப்பி வைத்தோம். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு டிஷ்யூ வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அத்தை பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். நான் வந்து கேட்பதற்கு முன்னாலேயே, "காஞ்சுதான் கெடக்கு, நீ போய்ச் சாப்புடு" என்றார். வடித்த தண்ணீரைக் கொட்டவிடவில்லை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார்.

மத்தியானம் நான் சுவிட்சைத் தட்டியபோது மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பானு வாசலிலேயே நின்றுகொண்டாள். புகை வரவில்லை. குழாய்களில் கூலண்ட் சத்தமில்லாமல் ஓடியது. "இம்புட்டுத்தானா?" என்றார் அத்தை. அவருக்குச் சற்று ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மீட்டிங் தொடங்குவதற்கு முன்னால் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினோரு மணி வாக்கில் ராஜகுமாரி மேடத்திடமிருந்து அழைப்பு வந்தது. "கிளையண்ட்டுக்குப் பிடிச்சிருக்கு. அடுத்த ப்ராஜெக்ட் ஃபைல்ஸ் அனுப்பறேன், அங்கேருந்தே ஆரம்பிச்சுடு. உன் சீட்டை வேற யாருக்காவது கொடுத்துடறேன், சரியா?" என்றார். என் வாழ்க்கையில் என் சீட்டைப் பிடுங்கியதற்காக நான் நன்றி சொன்னது அன்றுதான். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் தெருக்கோடியில் யாரோ கத்தினார்கள்.

"பானி ஆகயா!"

"மேடம், ஒரு நிமிஷம். தண்ணி வந்துடுச்சு" என்றேன்.

அவர் மெட்ராஸில் வாழ்கிறவர். "ஐயோ, போ போ, முதல்ல பிடி" என்று வைத்துவிட்டார்.

ஓடினேன். அத்தை ஏற்கெனவே குழாயடியில் குந்தியிருந்தார். அண்டா பாதி நிறைந்திருந்தது. செம்மண் கலந்த முதல் தண்ணீரைத் தனியாக ஒரு வாளியில் ஒதுக்கி வைத்திருந்தார். நான் மூச்சிரைக்க நிற்பதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரிலேயே கண்ணாக இருந்தபடி கேட்டார்.

"ஊருக்குப் போறியா?"

"போகல அத்தை."

"அப்ப அந்தக் குடத்த எடு."